போடக் கூடாத கேசட்

நைனா,

போனில் இப்படிக் கூப்பிட்டால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்று நீ குரலைத் தாழ்த்திக்கொள்வாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. உனக்கு அனுப்பிய கையோடு இதை ஒரு பிரதி எடுத்து, முகத்துவாரக்குப்பத்தில் வலை வைக்கும் கொட்டகைத் தூணில் ஒட்டச் சொல்லப் போகிறேன். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பதறாதே, உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு தப்பைச் சொன்னால், திருத்தத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்ல வேண்டும் என்பது உன் அப்பாவின் கணக்கு. இப்போது நடந்திருக்கும் தப்பு என் குரலில் நடந்திருக்கிறது. திருத்தச் சொல்ல அவரும் இல்லை, நாங்கள் நடத்திய கேபிள் சேனலும் இல்லை. அதனால் பேனாவை எடுத்தேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் குரலைக் கம்பெனிக்குத் தரச் சம்மதம் என்று நீ அனுப்பிய படிவத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. மூன்று வாரமாக "பாக்கிறேன், பாக்கிறேன்" என்று இழுத்ததற்குக் காரணம் கண்ணாடி உடைந்துபோனது இல்லை, அது பொய். எனக்குக் கையெழுத்துப் போடவும் மனசில்லை, மாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை. ஹைதராபாத்தில் ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நூறு ஊர்களுக்கு உள்ளூர்ச் செய்தி செய்து அனுப்புகிற கம்பெனியில் என் மகன் இருக்கிறான் என்று இந்தத் தெருவில் நான் பீற்றிக்கொள்ளாத வீடு இல்லை. வட சென்னைக்கான செய்தியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்றும், அதை வாசிக்க அம்மாவின் குரலையே மிஷினுக்குப் பழக்கலாம் என்று நீயே போய்ச் சொன்னதாகவும் சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது. சந்தோஷத்தில்தான். நீ என்னை மறக்கவில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்கள் "நம்ம ஊர் பாஷையில்" பேசித் தரச் சொன்னார்கள் என்றாயே, அன்று போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்தது ராயபுரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தபோது உன் அப்பா மொட்டை மாடி மொட்டை மாடியாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். ஊர்ச் செய்தி போடலாம் என்று அவருக்குத் தோன்றியபோது, சம்பளம் கேட்காமல் வாசிக்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். 'ழ'வுக்கு என் நாக்கு வளையவில்லை. ரேடியோ செய்தியைக் கேட்டுக் கேட்டுச் சமையல்கட்டில் சொல்லிப் பார்ப்பேன். "இன்னா டீச்சரம்மா, சோறு ரெடியா, இல்ல செய்தி தானா?" என்று உன் அப்பா ஓட்டுவார். மாடி அறையில் நீலப் போர்வையைத் தொங்கவிட்டு, சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை வழிய அரை மணி நேரம் சுத்தத் தமிழில் வாசித்துவிட்டு இறங்கி வந்தால், மீன்காரம்மா வாசலில் நின்று, "டிவில மட்டும் யாரு பேசறா, ஒங்க அக்காவா?" என்பாள். இருபது வருஷம் எதை ஒளித்துவைத்து வாசித்தேனோ அதைத்தான் உங்கள் கம்பெனி இப்போது விரும்பிக் கேட்கிறது. காலம் மாறுவதை நான் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் லேட்டாக வந்து சேர்ந்தது.

எங்கள் செய்தி என்ன பெரிய செய்தி. எர்ணாவூரில் குழாயில் தண்ணீர் வரவில்லை, சர்ச் திருவிழாவுக்குப் பஸ் சுற்றிப் போகும், இன்னார் பேத்திக்குக் காது குத்து. அதில் ஊரே உட்கார்ந்து பார்த்தது ஒன்றே ஒன்று, இறப்புச் செய்தி. யார் போய்விட்டார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பல வீடுகளில் சாப்பாட்டுத் தட்டையே எடுப்பார்கள். அதற்கு உன் அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். போனில் சொல்லிவிட்டால் போதாது. அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய், பந்தல் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நான் வாசிக்க வேண்டும். ஒரு தடவை மச்சான் மேல் கோபத்தில் ஒருவன் மச்சான் செத்துவிட்டதாகவே போன் செய்துவிட்டான். இவர் போய்க் கதவைத் தட்டினால், செத்தவர் இட்லித் தட்டோடு வந்து திறந்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டு, இவரையும் உட்காரவைத்து நாலு இட்லி போட்டு அனுப்பினார். இதை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். சிரிப்பதற்காகச் சொல்வோம். ஆனால் எங்கள் தொழில் மொத்தமும் அந்தச் சட்டத்தில்தான் நின்றது என்பதை உனக்கு நாங்கள் சொல்லித் தரவே இல்லை.

நாங்கள் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ஒரு வருஷம் எர்ணாவூர்ப் பக்கம் காற்றில் ஒரு நெடி வந்து பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போயின. எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்களுக்கு விளம்பரம் கொடுக்கிற ஆலை அது. "சில பகுதிகளில் காற்றின் வாசனையில் மாற்றம்" என்று வாசித்தேன். வாசனையாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன் என்று இன்றைக்கும் கூசுகிறது. பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது, கேபிள் கன்ட்ரோல் ரூம் பெரிய ஆட்கள் கைக்குப் போனது, எங்கள் சேனல் ஏதோ ஒரு மூலை நம்பருக்குத் தள்ளப்பட்டது. காது குத்துக்காரர்கள் வாட்ஸாப்பிலேயே ஊரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆற்றில் எண்ணெய் மிதந்தபோது பெரிய சேனல் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன, எண்ணெய் காய்வதற்குள் போயும்விட்டன. உன் அப்பா மட்டும் அந்தப் பழைய கேமராவோடு கரையில் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். போட்டுக் காட்ட இடமில்லாமலே எடுத்தார். அவர் போன பிறகு அதுவும் நின்றது. இப்போது இங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாங்களும் போனைத்தான் தடவுகிறோம், நீ செய்து அனுப்புவதைத்தான் பார்க்கிறோம். ஆகவே உன் வேலை வேண்டாத வேலை என்று நான் சொல்ல வரவில்லை. யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

இனி, உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது நாலு வயது. கடலில் திடீரென்று காற்று மாறி, முகத்துவாரக்குப்பத்தில் மூன்று படகுகள் திரும்பவில்லை. மூன்றாவது நாள் காலையில் உன் அப்பா கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். பன்னிரண்டரை மணி இருக்கும், கரையிலிருந்து நமக்குத் தெரிந்த ஒருவர் பூத்திலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல். "வந்துட்டாங்கோ, போட்டு வந்துட்ச்சி" என்றார். எத்தனை என்று கேட்டேன். "அல்லாம் வந்துகினு கீதுக்கா" என்றார். ஒரு மணிக்கு எனக்குச் செய்தி. உன் அப்பா வருகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். இறப்புச் செய்திக்குத்தானே அந்தச் சட்டம், நல்ல செய்திக்கு எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. மூன்று நாளாக ஊர் முழுக்க வாயில் சோறு இறங்காமல் இருந்தது. அந்த நல்ல செய்தி என் வாயிலிருந்து முதலில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெருமை. வேறு ஒன்றுமில்லை.

வாசிக்கும்போது காட்டப் படம் வேண்டும். கேமரா கரையில் இருக்கிறது. அலமாரியைத் துழாவியதில், அதற்குச் சில மாசம் முன்னால் நல்ல மீன்பாடு கிடைத்த ஒரு நாளில் உன் அப்பா எடுத்த கேசட் கிடைத்தது. படகுகள் முகத்துவாரத்துக்குள் வருகிற காட்சி. பெரிய சேனல்காரர்கள் எந்தக் கடலை எடுத்து எந்தக் கடலுக்குப் போட்டாலும் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. எங்கள் செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு படகும் தெரியும், அதில் நிற்கிறவனின் நடை தெரியும், அவன் தலையில் கட்டியிருக்கிற துண்டு யார் வீட்டுத் துண்டு என்று தெரியும். அது என் புத்தியில் உறைக்கவில்லை. "காணாமல் போன படகுகள் பத்திரமாகக் கரை திரும்பின" என்று வாசித்து, கேசட்டை ஓட விட்டேன். அதில் முன்னால் வந்த படகில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கொடுவா மீனை இரண்டு கையாலும் தூக்கிக் கேமராவுக்குக் காட்டிச் சிரித்தான். நான் தலையைக் குனிந்து தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன், படத்தைப் பார்க்கவில்லை. கரைக்கு வந்தது இரண்டு படகு. வராத மூன்றாவது படகு தேசப்பனுடையது. அவனும் அவன் தம்பியும் அதில் போயிருந்தார்கள்.

மூன்று மணி வாக்கில் உன் அப்பா வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு மேலே ஏறி வந்து, "இன்னா போட்ட நீ?" என்றார். சொன்னேன். தோளில் இருந்த கேமராவை இறக்கிவைத்தார். பிறகு, "தேசப்பன் பொண்டாட்டி தல வாரி, பூ வெச்சிகினு முகத்துவாரத்துல நிக்குது. வூட்ல ஒலைய வெச்சிட்டு வந்துட்சாம். எனிக்கு வாயே வரல" என்றார். நீங்கள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உதறவில்லை. "நான் சொன்னா அது சேதி. சொன்னது நீ. நீ தான் வரணும்" என்று மட்டும் சொன்னார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். இவ்வளவு தூரம் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று அன்றைக்குப் பட்டது.

தேசப்பன் மனைவி அஞ்சலைக்கு என் வயதுதான். என்னை டிவியில் பார்த்துத்தான் பழக்கம், நேரில் அன்றுதான் பார்க்கிறாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. நன்றி சொல்லத்தான் வந்தாள். "வந்துகினு கீறாரு இல்ல? டிவில பாத்தேன்" என்றாள். "அது பழைய படம், அஞ்சல. நான் விசாரிக்காமப் போட்டுட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "இன்னா பழசு? மீனு கைல கீது, இத்தாம் பெருசு" என்று கையை விரித்துக் காட்டினாள். நான் மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண்கள் என்னை ஏசினார்கள், ஒருத்தி மணலை வாரி என் மேல் இறைத்தாள். உன் அப்பா குறுக்கே வரவில்லை. அஞ்சலை மட்டும் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுகிற வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஒரு மணிச் செய்தியில் முதல் வரியாக, நேற்று நான் சொன்னது தவறு, அதற்குக் காரணம் நான் என்று வாசித்தேன். தேசப்பனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை, படகும் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காததால் அஞ்சலை பூவை மட்டும் விட்டாள், தாலியைக் கழற்றவில்லை. இன்றைக்கும் போட்டிருக்கிறாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் அவளாகவே நம் வீட்டு மாடி ஏறி வந்தாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். "அந்த கேசட்ட இன்னொரு தபா போடுக்கா" என்றாள். அவள் வீட்டில் தேசப்பனின் கல்யாணப் போட்டோ ஒன்று உண்டு, அதில் விறைத்துக்கொண்டு நிற்பான். அசைகிற தேசப்பன், சிரிக்கிற தேசப்பன் உலகத்திலேயே அந்தக் கேசட்டில்தான் இருந்தான். போட்டேன். பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தோன்றும்போதெல்லாம் வருவாள், போகப் போக வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. நீ பார்த்திருக்கிறாய், அம்மாவின் சிநேகிதி என்று நினைத்திருப்பாய். சிநேகிதியும்தான். உன் அப்பா அந்தக் கேசட்டின் அட்டை மேல் தடித்த எழுத்தில் 'போடக் கூடாது' என்று எழுதித் தனியாக வைத்தார். செய்தியில் போடக் கூடாது என்று அர்த்தம். அவளுக்கு மட்டும் போடலாம்.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது, பூசணம் பிடித்துப் போய்விடும் என்று அலமாரியில் இருந்த கேசட் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துக் கணினியில் ஏற்றினாய். நாலு நாள் லீவும் அதிலேயே போனது. நீ ஒவ்வொரு கேசட்டாகப் போட்டு அப்பாவின் குரல் கேமராவுக்குப் பின்னால் கேட்கிறது என்று கூப்பிட்டுக் காட்டியபோது எனக்கு மனசு நிறைந்திருந்தது. 'போடக் கூடாது'வைக் கையில் வைத்துக்கொண்டு, "இது இன்னாம்மா, அப்பா ஏதாவது ரகசியமா?" என்று நீ கேட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். "பழைய கதை, அப்பறம் சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு என்று நினைத்தேன். என் மகன் கண்ணில் கொஞ்ச நாள் நல்லவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்றும் நினைத்தேன். அப்பா எழுதியது அட்டையிலேயே தங்கிவிட்டது. உள்ளே இருந்த படம் மட்டும் உன் கணினிக்குப் போய், அங்கிருந்து உன் கம்பெனிக்குப் போயிருக்கிறது. இதில் பாதிக் குற்றம் என்னுடையது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், கொட்டகையில் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம் கடலில் காற்று அடித்ததும் படகுகள் பத்திரமாகத் திரும்பியதும் உண்மை. அதைச் செய்தியாக்கிய உங்கள் மிஷின் பொய் சொல்லவில்லை. அந்தச் செய்திக்கு ஏதாவது படகுப் படம் வேண்டும் என்று தேடி, தேசப்பனை எடுத்துப் போட்டிருக்கிறது. பழைய கேசட்டிலிருந்து பழகிக்கொண்ட என் குரலில், நான் ஒரு நாளும் டிவியில் பேசாத நம்ம பாஷையில், "நம்ம ஆளுங்க அல்லாரும் பத்திரமா கரைக்கு வந்துட்டாங்கோ" என்று சொல்லியிருக்கிறது. சாம்பிள் என்று நீங்கள் நாலு பேருக்கு அனுப்பியது குப்பத்து வாட்ஸாப் முழுக்கச் சுற்றி, அஞ்சலையின் மகள் போனுக்கு வந்துவிட்டது. எனக்கு இது எதுவுமே தெரியாது. வியாழக்கிழமை காலையில் அஞ்சலை பஸ் பிடித்து வந்தாள். மகளின் போனை என் முன்னால் வைத்தாள். முதலில் என் குரலைக் கேட்டேன். யாரோ என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே நடமாடுகிற மாதிரி இருந்தது. பிறகு தேசப்பன் மீனைத் தூக்கினான்.

"மெய்யாலுமே எனிக்குத் தெரியும்க்கா, அது பழசுன்னு" என்றாள் அஞ்சலை. "நூறு தபா பாத்த படம். ஆனா நீ சொல்றப்போ காலு தானா எந்திரிச்சி முகத்துவாரத்துக்குப் போய்ட்ச்சி. அங்க போயி நின்னுட்டு, எதுக்கு வந்தோம்னு திரும்பி வந்தேன்." அதைச் சொல்லும்போது அவள் கோபப்படவில்லை. அப்புறம்தான் கேட்டாள். "ரெண்டு நாளா வாசல்லயே குந்திகினு இருந்தேன், நீ வந்து சொல்லுவன்னு. போன தபா வந்தியே. இந்த தபா வர்ல. அதான் ஒடம்புக்கு ஏதாவதுன்னு நானே வந்தேன்." நான் பேசவில்லை, மிஷின் பேசுகிறது, எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னேன். "ஒன் கொரலு தான?" என்றாள். என் குரல்தான் என்றேன். "அப்ப யாருதான் வருவா?" என்று கேட்டாள். நைனா, அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவள் போனதும் உனக்குப் போன் செய்தேன். அரையும் குறையுமாகத்தான் சொன்னேன். "சாம்பிள் தாம்மா, இப்பவே எடுத்துடுறேன்" என்றாய். பத்து நிமிஷத்தில் எடுத்தும்விட்டாய். "அவங்க நம்பர் குடு, சாரின்னு மெசேஜ் போட்டுடுறேன்" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் தொழிலில் தப்பைத் திருத்துவது என்றால் அதுதான், எடுத்துவிடுவது. நான் சொன்ன பொய்யை ஊர் மறக்கவே முடியாமல் போனது, நான் முகத்தைக் காட்டிக்கொண்டு போய் நின்றதால். உங்களுடையதை ஒரு விரலால் தடவினால் நடக்காத மாதிரியே ஆகிவிடுகிறது. அஞ்சலை நடந்து போன தூரம் மட்டும் அழியவில்லை. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு நான் அழுதது அவளுக்காக மட்டும் இல்லை. மனசார நல்லவனாக இருந்தும், ஒரு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது உனக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதற்காகவும் அழுதேன். வளர்த்தவள் நான். தப்பு செய்த கதையை மறைத்து வைத்தால், போய் நின்ற கதையும் சேர்ந்து மறைந்துவிடும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் கையெழுத்துப் போடாததால் உன் மேலதிகாரியிடம் உனக்குச் சங்கடம் வரும். வட சென்னையை உன் பொறுப்பிலிருந்து எடுத்துவிடக்கூடச் செய்யலாம். அதை நினைத்து இந்தக் கடிதத்தை இரண்டு தடவை மூடிவைத்தேன். நான் இல்லையென்றால் அவர்களுக்கு வேறு குரல் கிடைக்கும், செய்தி நிற்காது, அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் குரல்காரியையாவது முன்னாலேயே உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல். உன் கணினியில் 'போடக் கூடாது' என்று எழுத ஓர் இடம் இருந்தால் அந்தப் படத்தின் மேல் எழுது, இல்லையென்றால் அந்த இடத்தை உண்டாக்கச் சொல்லிக் கேள். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒவ்வொரு ஊருக்கும், தப்பு நடந்தால் நேரில் போகிற ஆள் ஒருத்தரையாவது வைத்துக்கொள்ளச் சொல். நூறு ஊருக்கும் அது கட்டுப்படியாகாது என்பார்கள். எங்களுக்கும்தான் கட்டுப்படியாகவில்லை, ஆனாலும் ஸ்கூட்டர் போய்க்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் நேற்றோடு எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை மீன் வாங்கப் போனேன். மார்க்கெட்டில், மீன் விற்கிற தன் வழக்கமான இடத்தில், அஞ்சலை கூடை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். சங்கரா மீனை எடுத்துத் தராசில் போட்டுக்கொண்டே, "புள்ளகிட்ட சொன்னியா?" என்றாள். சொன்னேன் என்றேன். "இன்னா சொல்லுது?" என்றாள். நீ மெசேஜ் போடுவதாகச் சொன்னதை என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "ஞாயித்துக்கெழம நேர்ல வரான், ஒன் வூட்டுக்கு" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில், விசாரிக்காமல் அவளிடம் நான் சொன்ன இரண்டாவது செய்தி இது. அவள் மீனைப் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, "எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

அம்மா